பனியனுக்குள் ஒரு கட்டி

முதலில் வலித்தது டிபன் பையின் வார் உரசிய இடம்தான். திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் பட்டறைக்கு வண்டியில் போகும்போது பையைக் குறுக்காக மாட்டிக்கொள்வது என் வழக்கம். வார் வலது மார்க்காம்பின் மேல் படும்போதெல்லாம் சுருக்கென்று ஒரு வலி. வியர்க்குரு என்று நினைத்து வாரை இடப்பக்கம் மாற்றிக்கொண்டேன். சில வாரங்களில் இடப்பக்கமும் அதே பாட்டைப் பாட ஆரம்பித்தது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், பள்ளி வேனிலிருந்து இறங்கிய என் மகள் யாழினி ஓடி வந்து என் நெஞ்சில் முட்டினாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. தினமும் அப்படித்தான் முட்டுவாள். அன்றைக்கு உயிர் போகிற மாதிரி வலித்தது. யோசிப்பதற்குள் அவளைத் தள்ளிவிட்டேன்.

“ஏப்பா, நான் என்ன பண்ணுனேன்?” என்றாள்.

ஒன்றுமில்லை கண்ணு என்றேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

என் பெயர் கதிர்வேல். பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பட்டறையில் கலர் மாஸ்டர். மையைக் கலப்பதும், சட்டத்தில் கட்டிய வலையின் மேல் அந்த மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்துத் துணியில் இறக்குவதும் என் தொழில். நீங்கள் போட்டிருக்கும் டீ-சர்ட்டின் நெஞ்சில் ஒரு புலியோ பூவோ இருந்தால், அது எங்கள் ஊரில் யாரோ ஒருவர் கையால் இழுத்ததாக இருக்கலாம். இந்தக் கட்டுரையை என்னைப் போன்ற ஆண்களுக்காக எழுதுகிறேன். பெண்கள் படித்தால் இன்னும் நல்லது. எங்கள் சட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டு வாங்கும் தைரியம் அவர்களுக்குத்தான் இருக்கிறது.

விரலால் அழுத்திப் பார்த்தேன். காம்புக்கு அடியில், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக, தட்டையாக ஒன்று இருந்தது. தொட்டால் நகர்ந்தது. மாதங்கள் போகப் போக அது வளர்ந்தது. என் உடம்பு ஒல்லி. வயிறு ஒட்டிக் கிடக்க, மார்பு மட்டும் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது.

எங்கள் பட்டறையில் அச்சடித்த துணியைச் சூடுகாட்டும் கியூரிங் மெஷின் இருக்கிறது. அதன் பக்கத்தில் யாரும் சட்டை போட்டு நிற்க மாட்டார்கள். வெறும் பனியன்தான், சில பேருக்கு அதுவும் கிடையாது. நான் பனியனுக்கு மேல் சட்டை போட்டு, அதற்கு மேல் துண்டும் போர்த்திக்கொண்டு வேலை செய்தேன். வியர்வையில் துண்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

பாண்டி சும்மா விடுவானா? தேனிப் பக்கத்துக்காரன். என்னோடு பல வருடமாக எதிர் டேபிளில் மை இழுக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

“என்ன மாஸ்டர், வயசுக்கு வந்த புள்ள கணக்கா துண்டப் போத்திக்கிட்டுத் திரியிறீக?” என்று உரக்கக் கேட்டான். பட்டறையே சிரித்தது. தமிழ் தெரியாத ஒடிசாக்காரர்கள்கூட மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடந்தோம். வருடா வருடம் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து போவதுதான். பச்சை வேட்டி, வெற்று மார்பு, தோளில் காவடி. விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறேன். அந்த முறை மட்டும் சட்டையோடு நடந்தேன். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன். ஆற்றில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு தனியாக இறங்கி, சட்டையோடு முங்கி, ஈரச் சட்டையோடே மலை ஏறினேன். சாமி முன்னால் நின்று என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால், ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. யாரும் இடித்துவிடாமல் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மருத்துவரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். பக்கத்துக் கிளினிக்கில் சட்டையைக் கழற்றச் சொல்லாமலே வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் சட்டைக்கு மேலாகவே பார்த்துவிட்டு, “கொழுப்புங்க. எடையக் குறைங்க” என்றார்கள். எதைக் குறைப்பது என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். காட்ட எனக்கும் கூச்சம், பார்க்க அவர்களுக்கும் நேரமில்லை. இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

என் மனைவி மகேஸ்வரிக்குத் தெரிந்தது எதேச்சையாகத்தான். அவள் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்னும் மோட்டார் மெஷினில் தைக்கிறாள். பல மாதங்களாக நான் அவள் பக்கத்தில் போகவில்லை. உடம்பில் ஒரு சோர்வு, எதிலும் நாட்டமில்லை, முகச்சவரம் செய்துகொள்ளும் இடைவெளிகூட நீண்டுவிட்டது. வேறு எவளாவது உண்டா என்று அவள் நேராகவே கேட்டுவிட்டாள். இல்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சட்டை மாற்றும்போது கதவைத் திறந்துகொண்டு வந்தவள், நின்றுவிட்டாள்.

அவள் சிரிக்கவில்லை. நான் பயந்ததெல்லாம் சிரித்துவிடுவாளோ என்றுதான்.

“எத்தன நாளாங்க இப்படி?”

“போன மழக்காலத்துல இருந்து.”

“வலிக்குதுங்களா?”

“ம்.”

“நாளைக்கு லீவு சொல்லுங்க. நானும் சொல்லிக்கறேன். கோயமுத்தூரு போலாம். வெளிய யாருகிட்டயும் மூச்சு உட வேண்டாம். ஊடு பூரா சொந்தக்காரங்க, கேட்டா கதை கட்டிருவாங்க.”

கோவை மருத்துவமனையில் மார்பு ஸ்கேன் எடுக்கும் பகுதி ஒரு நீண்ட நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் நாற்காலிகள், நாற்காலிகள் முழுக்கப் பெண்கள். செவிலியர் கதவைத் திறந்து என் பெயர் போலக் காதில் விழுந்த எதையோ சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் எழுந்தோம். அவர் மகேஸ்வரியைப் பார்த்து, “பேஷண்ட் மட்டும் வாங்க. சார் வெளிய உக்காருங்க” என்றார்.

“பேஷண்ட் நான்தானுங்க” என்றேன்.

நடை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஓர் அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு முதலில் காது சுட்டது. அடுத்த நொடி ஏனென்று தெரியாமல் கோபம் வந்தது. அவர்களுக்கு வந்தால் நோய், எனக்கு வந்தால் கேலிக்கூத்தா? தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். நான் எதிர்த்து நிற்க ஆரம்பித்தது அந்த இடத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஸ்கேனை முடித்துவிட்டு ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் என்னைவிட வயதில் சிறிய பெண். (ஹார்மோன் என்பது உடலின் சுரப்பிகளில் ஊறி, ரத்தத்தோடு போய், மற்ற உறுப்புகளுக்கு வேலை சொல்லும் பொருள்.) சட்டையைக் கழற்றச் சொன்னார். என் கை பொத்தானிலேயே நின்றது.

“இதுல கூச்சப்பட ஒண்ணுமில்லீங்க. நீங்க காட்டப்போறது ஒரு கட்டி. நான் பாக்கப்போறதும் கட்டியத்தான்” என்றார்.

இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். நோயின் பெயர் கைனகோமாஸ்டியா (ஆணின் மார்பில் இருக்கும் சுரப்பித் திசு வீங்குவது) என்றார். ஆண்களுக்கும் மார்பில் கொஞ்சம் சுரப்பித் திசு உண்டாம், அது வாழ்நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருக்குமாம். ஏதோ ஒன்று அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

கேள்வி மேல் கேள்வி கேட்டார். குடிப்பீர்களா? எப்போதாவது. ஈரல் நோய் உண்டா? இல்லை. அல்சருக்கு, ரத்த அழுத்தத்துக்கு, முடி கொட்டுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் பொடி ஏதாவது? என் ஒல்லிக் கையைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு அவரே இல்லை என்று எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திக் கட்டியிலிருந்து துளித் திசுவை உறிஞ்சி, புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள்.

முடிவு வரும் வரை நான் வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. யாழினிக்குக் கல்யாணம் வரை இருப்பேனா என்ற நினைப்பு மை இழுக்கும் ஒவ்வோர் இழுப்பிலும் வந்து போனது. அடித்த படங்கள் எல்லாம் சிரிக்கும் கரடிக்குட்டிகள்.

புற்றுநோய் இல்லை. மகேஸ்வரி அங்கேயே நாற்காலியில் அழுதுவிட்டாள். ஆனால் என் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் (விந்தகத்தில் சுரக்கும் ஆண் ஹார்மோன்) இருக்க வேண்டிய அளவைவிட மிகவும் இறங்கியிருந்தது. ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன் என்று நாம் சொல்வது) கொஞ்சம் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். ஒன்று இறங்கினால் மற்றது ஓங்கும், தூங்கும் மார்புத் திசு விழித்துக்கொள்ளும். சோர்வும் நாட்டமின்மையும் வந்தது இதனால்தான்.

பிறகு அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் சிவப்பு மை.

“இது எப்படிங்க போகும்? எதுல கழுவுவீங்க?”

“ரெடியூசர்லங்க.”

“தின்னரா?”

“இல்லீங்க. தின்னரு எரியும். இது எரியாதுங்க. எண்ணெய் மாதிரி இருக்கும், வாசமே இருக்காது.”

இதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ரப்பர் போலத் துணிமேல் உட்காரும் ஒரு மை உண்டு. தண்ணீரில் கரையாது, சோப்புக்கு மசியாது. கையில் ஒட்டினால் தின்னர் ஊற்றித் துடைப்பார்கள். தின்னர் மூக்கைத் துளைக்கும், தோலை வெடிக்கவைக்கும். எனவே அதற்கு எல்லோரும் பயப்படுவோம். அந்த மை கெட்டிப்பட்டால் இளக்குவதற்கு ரெடியூசர் என்று ஓர் எண்ணெய் ஊற்றுவோம். நிறமில்லை, நெடியில்லை, வழவழவென்று இருக்கும். அதில் கையைத் தேய்த்தால் மை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எங்கள் பட்டறையில் மட்டுமல்ல, நான் வேலை பார்த்த எல்லாப் பட்டறைகளிலும் கை கழுவும் இடத்தில் அந்தக் கேன் இருக்கும். அதில் கழுவிவிட்டு அப்படியே சாப்பிட உட்காருவோம். கலர் மாஸ்டர் நான் ஒரு படி மேலே. மையில் கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்க்க முழங்கை வரை வாளிக்குள் விட்டுக் கலக்குவேன். கரண்டியால் கலக்கினால் மையின் பதம் தெரியாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. பனிக்காலத்தில் கை கால் வறண்டால் அதே எண்ணெயைத் தேய்த்துக்கொள்வதும் உண்டு. எரிவதுதான் விஷம், இதமாக இருப்பது மருந்து என்று நினைத்தோம்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதில் என்ன இருக்கிறதென்று மை விற்கும் கடையில் இப்போதே கேட்கச் சொன்னார். அவர் முன்னாலேயே போன் செய்தேன்.

“அது பிளாஸ்டிசைசர் தானுங்க மாஸ்டர்,” என்றார் கடைக்காரர். “லோக்கல் சரக்கு, தாலேட் இருக்கும். உங்க எக்ஸ்போர்ட்டு ரேக்குக்கு அனுப்பறது வேறங்க. அதுல இருக்காது.”

தாலேட் (பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற ரசாயனங்கள்) தோல் வழியாகவும் உள்ளே போகும், அவற்றில் சில டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் கெடுக்கக்கூடியவை என்றார் மருத்துவர். இப்படி ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் பொருள்கள் பல தொழில்களில் இருக்கின்றன என்றும் சொன்னார்.

“இதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. உங்களுக்கு வேற காரணம் எதுவும் கிடைக்கல, அவ்வளவுதான் சொல்லலாம். ஆனா இந்தக் கை கழுவறத நிறுத்தாம நான் குடுக்கற மாத்திரை ஓட்டைக் கொடத்துல ஊத்தற தண்ணிதான்.”

அவர் நேர்மையாகப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது கடைக்காரரின் குரல். எக்ஸ்போர்ட் ரேக்.

எங்கள் கலர் ரூமில் இரண்டு ரேக்குகள். ஒன்றில் வெளிநாட்டுக் குழந்தை உடுப்புகளுக்கான மை, மற்றதில் உள்நாட்டு ஆர்டருக்கான மை. இரண்டும் கலக்கவே கூடாது. கலந்தால் துணி சோதனையில் தோற்றுவிடும், மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும் என்று முதலாளி சொல்லிவைத்திருந்தார். நான் அதில் கெட்டிக்காரன். வாளி தனி, சட்டம் தனி, மை இழுக்கும் பட்டை தனி. ஒரு முறைகூடக் கலக்கவிட்டதில்லை. எக்ஸ்போர்ட் எண்ணெய் விலை கூடியது என்பதால் கை கழுவ மட்டும் எல்லோருக்கும் லோக்கல் கேன். ரேக்குக்கு ஒன்றாகப் பட்டை இரண்டு வைத்திருந்த எனக்கு, மாற்றிக்கொள்ள முடியாத கை ஒரு ஜோடிதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வெளியே வந்ததும் மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத்தன நாளா எவகூடவோன்னு நெனச்சேன். கடைசில பாத்தா எண்ணெய்க் கேனுகூட” என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதே ஸ்கேன் நடையைக் கடந்தபோதுதான். நாற்காலிகளில் இருந்த பெண்கள் அன்றைக்கும் திரும்பிப் பார்த்தார்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்குத் தருவது. (ஈஸ்ட்ரோஜன் மார்புத் திசுவில் வேலை செய்யவிடாமல் அது தடுக்கும்.) திருப்பூரில் மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “ஊட்டுல அம்மிணிக்குங்களா?” என்று பரிதாபமாகக் கேட்டார்.

“எனக்குங்க.”

அவர் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் காது கொடுத்தார்கள். நான் சில்லறை வாங்கும் வரை நகராமல் நின்றேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். தயவுசெய்து மனைவிக்கு என்று பொய் சொல்லாதீர்கள். அவளுக்கு இல்லாத நோயை அவள் தலையில் கட்ட நமக்கு உரிமை இல்லை.

நானே நீலநிறக் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கரண்டியால் மை கலக்கினேன். கையில் பட்டதை உலர்ந்த வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டேன். மை முழுக்கப் போகாது, போகாவிட்டால் போகட்டும் என்று விட்டேன். கேட்டவர்களிடம் தோல் அலர்ஜி என்றேன். சில மாதங்களில் இடப்பக்க வலி அடங்கி, கட்டியும் கரைந்தது. ரத்தச் சோதனையில் டெஸ்டோஸ்டிரோன் மெல்ல ஏறியது. வலப்பக்கம் மட்டும் பிடிவாதம் பிடித்தது. நாள்பட்ட திசு நாராக இறுகிவிட்டது, அறுவை செய்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆவணியில் எடுத்தார்கள். காம்பைச் சுற்றிக் கீழ்ப்பாதியில் வெட்டி, உள்ளிருந்ததை வெளியே எடுத்தார்கள். நீர் வடிய ஒரு குழாய் வைத்து, இறுக்கமான ஒரு கச்சு மாட்டிவிட்டார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, மை இழுக்கக் கூடாது. மகேஸ்வரி எனக்குத் தலை சீவிவிட்டாள். யாழினி ஓரடி தள்ளி நின்றே பேசினாள். முட்டக் கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தையலைவிட வலித்தது.

தீபாவளிக்கு முன்னால் வேலைக்குத் திரும்பினேன். உள்நாட்டு ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. யாருக்கும் நிமிரக்கூட நேரமில்லை. முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் இடத்துக்குப் போனேன். அதே கேன். பாண்டி இரண்டு கையிலும் எண்ணெயை வாரித் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒடிசாக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

“அத விடு பாண்டி. சோப்புப் போடு. அது ஒடம்புக்கு ஆகாது” என்றேன்.

“ஏன் மாஸ்டர், எங்களுக்கும் அலர்ஜி வந்துருமாக்கும்? துண்டு போத்தணுமாக்கும்?” என்றான். வரிசை சிரித்தது.

நான் வீட்டிலிருந்து எதையும் யோசித்துக்கொண்டு வரவில்லை. யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்று மகேஸ்வரியும் நானும் பேசி வைத்திருந்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. போன முறை அதோடு சேர்ந்து சிரித்தவன் நான். இந்த முறை சட்டையைக் கழற்றினேன். பனியனையும் கழற்றினேன்.

வலப்பக்கம் தழும்பு அப்போது சிவந்து, பிறை மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் மார்பு கொஞ்சம் குழிந்திருந்தது.

“நல்லாப் பாருங்க. எனக்குப் பொம்பளை மாதிரி மார் வந்துச்சு. அறுத்து எடுத்திருக்காங்க. இந்த எண்ணெய்தான் காரணமா இருக்கும்னு டாக்டரு சந்தேகப்படறாங்க. எக்ஸ்போர்ட்டு சட்டைக்கு ஆகாதுன்னு நாமதான் தனியா எடுத்து வெக்கறோம். சட்டைக்கு ஆகாதது நமக்கு எப்படிடா ஆகும்? இப்ப சிரிங்க.”

தமிழும் இந்தியும் தெரிந்த ஒருவன் ஒடிசாக்காரர்களுக்குச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் கையிலிருந்த எண்ணெயைத் தன் லுங்கியிலேயே துடைத்துக்கொண்டான். நான் கேனைத் தூக்கிக் கொண்டுபோய்க் கலர் ரூமில் வைத்துப் பூட்டினேன்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். எங்களிடம் வாங்க போங்க என்பதைத் தவிர வேறு மாதிரி பேசமாட்டார்.

“ஏனுங்க கதிர்வேலு, ஆளுங்களப் பயமுறுத்தலாமுங்களா? தீவாளி டெலிவரி நிக்குது. நாலு பேரு நின்னுட்டா நான் என்னங்க பண்றது? உங்களுக்கும் இது கௌரவமான பேச்சு இல்லீங்க. ஊருக்குள்ள தெரிஞ்சா சிரிப்பாங்க.”

“சிரிச்சு முடிச்சுட்டாங்க மொதலாளி.”

“எங்கப்பனும் சாயப்பட்டறைல நின்னவருதானுங்க. கலரு தொட்டியில கைய உட்டுத்தான் எங்களப் படிக்க வெச்சாரு. அவருக்கு என்னாச்சு?”

“அவரு சட்டையக் கழட்டி நீங்க பாத்திருக்கீங்களா?”

அவர் முகம் மாறியது. நான் எல்லை மீறிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

“அந்த எண்ணெய் சட்டையில இருந்தா டெஸ்ட்டுல விழுந்துரும்னு சொன்னீங்க. ஏன் விழும்னு கேட்டீங்களா? நானும் கேக்கலீங்க. இப்பக் கேக்கறேன். கை கழுவற எடத்துல இனி அந்தக் கேன் இருக்காது. கையுறை வாங்கித் தரோணும். இல்லீன்னா நாளையில இருந்து உங்களுக்கு வேற கலர் மாஸ்டரு பாத்துக்குங்க.”

தீபாவளி நேரத்தில் திருப்பூரில் கலர் மாஸ்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருவருக்கும் தெரியும். அவர் மேசையிலிருந்த பில் புத்தகத்தை இழுத்து, பேனாவைத் திறந்தார். பிறகு, “கையுறை சைசு என்னன்னு சொல்லுங்க” என்றார்.

பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். கியூரிங் மெஷின் சூட்டில் பாதிப்பேர் கையுறையைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொள்கிறார்கள். வேகம் வரவில்லை என்கிறார்கள். பக்கத்துப் பட்டறைகளில் அந்தக் கேன் இன்னும் கை கழுவும் இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் பட்டறையில் மட்டும் இல்லை. திரும்ப வந்தால் நான் தூக்கிக் கொண்டுபோய்க் கலர் ரூமில் பூட்டி வைப்பேன்.

ஒரு வாரம் கழித்து, மெஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காத ஓர் இடத்தில், பாண்டி வந்து என் பக்கத்தில் நின்றான். மை இழுக்கும் பட்டையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அண்ணே,” என்றான். அதுவரை அவன் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். “எனக்கும் அப்பிடித்தேன் இருக்கு. எடதுபக்கம். ஒரு வருசமா. அந்த டாக்டரம்மா பேரு என்னண்ணே?”

என் துண்டைப் பார்த்து எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன். எதற்காக அவ்வளவு உரக்கச் சிரித்தான் என்று அப்போதுதான் புரிந்தது. திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவனை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்கேன் நடையில் செவிலியர் பேஷண்ட் யார் என்று கேட்டு, எங்கள் பின்னால் எந்தப் பெண்ணாவது நிற்கிறாரா எனத் தேடினார். “இவருதானுங்க” என்று நான் சொல்வதற்குள், “நாந்தேன்” என்று பாண்டி எழுந்துவிட்டான்.

என் உடம்பு பழையபடி ஆகவில்லை. வலப்பக்கக் காம்பைச் சுற்றி உணர்ச்சி இல்லை. வார் உரசினால் இப்போது வலிக்காது, உரசுவதே தெரியாது. ரத்தச் சோதனைக்கு இன்னும் போகிறேன். முன்பு சரக்கு அனுப்பும் தேதியிலிருந்து அடுத்த சரக்கு அனுப்பும் தேதிக்குத்தான் எனக்குக் காலம் ஓடியது. நடுவில் உடம்பு என்று ஒன்று இருப்பது வலித்தால்தான் நினைவுக்கு வரும். இப்போது குளிக்கும்போது நின்று, இரண்டு பக்கமும் தடவிப் பார்க்கிறேன். அவசரம் இருந்தாலும் பார்க்கிறேன். முதலாளியின் டெலிவரி அந்த நேரத்துக்குக் காத்திருக்கட்டும். இந்த உடம்பு என் பொறுப்பில் இருக்கிறது, இதற்கு டெஸ்ட் எடுத்து அனுப்ப வேறு யாரும் வரப்போவதில்லை.

தையல் ஆறிய பிறகும் யாழினி ஓரடி தள்ளியே நின்றாள். வேன் வந்த ஒரு சாயங்காலம் நானே குனிந்து கையை விரித்தேன். “முட்டு” என்றேன். மெதுவாக வந்து தலையை வைத்துப் பார்த்தாள். “வலிக்குதாப்பா?” என்றாள். இல்லை என்றதும் பின்னால் போய் ஓடி வந்து முட்டினாள். மல்லாக்க விழுந்தேன்.

தைப்பூசத்துக்கு நாளை காலை பழனிக்குக் கிளம்புகிறோம். சற்றுமுன் மகேஸ்வரி பையில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“வழியில பனியா இருக்குமுங்க. சட்டை ஒண்ணு வெக்கட்டுங்களா?”

“வேண்டாம்” என்றேன்.